ஒரு பருவம் முன்னதாக

பிப்ரவரி 15

மாசி பிறந்துவிட்டது. விடியற்காலையில் இன்னும் பனி இறங்குகிறது; வெயிலைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நாயும் பூனையும் வளர்க்கிறவர்கள் கோடையைப் பற்றி யோசிக்க வேண்டிய நாள் இதுதான் என்று நினைக்கிறேன். நம் ஊரில் பருவகாலப் பராமரிப்பு என்றாலே பருவம் வந்த பிறகு ஓடுவது என்றாகிவிட்டது. கத்திரி தொடங்கிய பிறகு மோர் வைக்கிறோம். தெருவில் தண்ணீர் தேங்கிய பிறகு தடுப்பூசி நினைவுக்கு வருகிறது. முதல் வெடிக்கு நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்த பிறகு மருத்துவருக்குப் போன் போடுகிறோம். பாசத்துக்குக் குறைவில்லை, காலம்தான் தப்பிவிடுகிறது. உடம்பு வெப்பத்துக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். ஊசி எதிர்ப்பாற்றலாக மாறவும் வாரங்கள் வேண்டும். நாய் உண்ணியின் ஒரு தலைமுறை முடிய இரண்டு மூன்று மாதம். சத்தத்தின் மீதுள்ள பயம் தணிவதும் அப்படித்தான். இவற்றில் எதையும் காசு கொடுத்து அவசரப்படுத்த முடியாது. ஆகவே ஒவ்வொரு பருவத்துக்குமான கவனிப்பும் அதற்கு முந்தைய பருவத்திலேயே நடந்தாக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் கையில் கிடைக்கும் வளர்ப்புக் கையேடுகள் பெரும்பாலும் குளிர்நாட்டு அனுபவத்தில் எழுதப்பட்டவை. அவற்றில் கோடை ஜூனில் வரும். குளிர் வந்தால் உண்ணி ஓய்ந்துவிடும். தமிழ்நாட்டில் ஜூனில் கோடை முடியும் தறுவாயில் இருக்கிறது, உண்ணிக்கோ விடுமுறையே கிடையாது. இங்கே நாள்காட்டியைப் பங்குனி, சித்திரை, ஐப்பசி என்று வைத்துக்கொண்டால்தான் கணக்கு சரியாக வரும்.

மார்ச் 20

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும்போது வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகிறது. அந்த வழியாகவே உடல் சூடு வெளியேறுகிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருந்தால் ஆவியாதல் தடைபடும். அதனால் சென்னை, கடலூர், நாகை போன்ற கரையோர ஊர்களில் வெப்பமானி 36 டிகிரிதான் காட்டுகிறதே என்று ஆறுதல் கொள்வது தவறு. மதுரையின் வறண்ட 39 டிகிரியைவிடக் கடற்கரைப் புழுக்கம் நாயை அதிகமாக வாட்டக்கூடும்.

ஏசி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நாள் முழுதும் குளிரூட்டிய அறையில் கிடக்கும் நாயின் உடல் வெப்பத்துக்குப் பழகவே வாய்ப்பில்லை. மே மாதத்தில் ஒரு மாலை மின்சாரம் போனாலோ, ஊருக்குப் போகும் வழியில் வண்டி பழுதாகி நின்றாலோ, முதலில் சுருண்டு விழுவது அந்த நாய்தான். இப்போதிருந்தே விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வெளியே கூட்டிப்போய், ஒவ்வொரு நாளும் சிறிது சிறிதாக வெக்கையில் விட்டுப் பழக்கினால், சித்திரைக்குள் உடல் ஓரளவு தயாராகிவிடும். கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி போன்றவற்றின் முடியை வெயிலுக்காக ஒட்ட மழித்துவிடுவதை மட்டும் நிறுத்த வேண்டும். அந்த இரட்டை அடுக்கு முடி வெயில் தோலில் நேராகப் படாமல் காக்கிறது. வாரி, உதிர்ந்த அடிமுடியை எடுத்துவிட்டாலே போதும்.

மே 6

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. நாய்களுக்கு வரும் வெப்பத் தாக்குதல் என்றதும் பூட்டிய காரில் விடப்பட்ட நாய்தான் நம் நினைவுக்கு வருகிறது. பிரிட்டனில் ராயல் வெட்டர்னரி கல்லூரியின் வெட்காம்பஸ் மருத்துவப் பதிவுகளை வைத்து 2020-இல் வெளியான ஆய்வு வேறு கதை சொல்கிறது. காரணம் தெரிந்த நேர்வுகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று, நடை, ஓட்டம், விளையாட்டு என்று உடலை வருத்தியதால் வந்தவை. கார் காரணமானவை நூற்றுக்கு ஐந்து அளவில்தான். பிரிட்டனின் மிதமான வெயிலிலேயே ஓட்டம் இவ்வளவு ஆபத்து என்றால், மே மாதத்து மாலை ஐந்து மணிக்குப் பந்து எறிந்து விளையாட்டுக் காட்டும் நம் பூங்காக்களில் அது எவ்வளவு பெரிது! லாப்ரடாரோடு ஒப்பிட்டால் புல்டாக்குக்கு 14 மடங்கும், பிரெஞ்சு புல்டாக்குக்கு 6 மடங்கும், பக் நாய்க்கு 3 மடங்கும் அதிக ஆபத்து என்று அதே ஆண்டில் அதே பதிவுகளிலிருந்து வந்த இன்னொரு ஆய்வு சொல்கிறது. மூக்கு சப்பையாக இருக்க வேண்டும் என்று தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியவர்கள் அந்த உயிர் மூச்சிரைக்கும் வழியையே குறுக்கிவிட்டார்கள். சென்னையில் பக் வாங்க நினைப்பவர்கள் வாங்கும் முன்பே இதை அறிந்திருக்க வேண்டும்.

அறிகுறிகளை அருகில் இருந்து பார்த்தால் தவறவிட முடியாது. நாக்கு வழக்கத்தைவிட அகலமாக, நுனி கரண்டி போல வளைந்து தொங்கும். ஈறு செங்கல் நிறமாகும். எச்சில் பிசுபிசுவென்று நூலாக இழுக்கும். கூப்பிட்டால் திரும்பாது, பின்னங்கால் தள்ளாடும். நாயின் இயல்பான வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 105-ஐத் தாண்டினால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். முதலில் குளிர்வித்துவிட்டு, பிறகுதான் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பிரிட்டனிலேயே ஐந்தில் ஒரு நாய்க்குத்தான் இப்படி முதலுதவி கிடைத்தது என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே அதற்கு ஒரு பழைய நம்பிக்கையும் குறுக்கே நிற்கிறது: சூடேறிய உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்கிறார்கள். குளிர்நீர் பட்டால் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும் என்று மருத்துவ நூல்களும் ஒரு காலத்தில் எச்சரித்ததுண்டு. வெப்பத் தாக்குதலுக்கு ஆளான நாய்களைப் பார்த்த ஆய்வுகள் அந்த அச்சத்தை ஆதரிக்கவில்லை. இளவயது நாயாக இருந்தால் தலை மட்டும் வெளியே இருக்கும்படி தண்ணீரில் நிறுத்தலாம். வயதான நாய்க்கும் நோயுள்ள நாய்க்கும் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி மின்விசிறிக் காற்றில் வைப்பது நல்லது. ஈரத் துண்டைப் போர்த்திவிடுவதுதான் கூடாது. காற்றுப் படாமல் சூட்டை அது உள்ளே பிடித்து வைத்துவிடும்.

பூனை வெயிலைத் தாங்கும் என்பது பாதி உண்மை. அது தானே நிழல் தேடிக்கொள்ளும், ஆனால் தண்ணீர் குடிப்பதில் மெத்தனம். உலர்தீவனம் மட்டுமே தின்னும் ஆண் பூனை மண் தட்டில் பலமுறை போய் உட்கார்ந்து, முக்கி, ஒரு சொட்டும் போகாமல் எழுந்து வந்தால், அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. சிறுநீர்ப் பாதை அடைத்திருந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் அகலக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதும், ஈர உணவு சேர்ப்பதும் பங்குனியிலேயே தொடங்கியிருக்க வேண்டியவை. பூனை வாயைத் திறந்து நாயைப் போல மூச்சு வாங்கினால் அந்த நேரமே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஜூலை 11

இதற்கெல்லாம் எப்போதும் எழும் எதிர்ப்பு ஒன்று: தெருநாய்க்கு யார் ஊசி போட்டார்கள், யார் மோர் வைத்தார்கள், அது நன்றாகத்தானே இருக்கிறது? கேள்வி நியாயமானது, பதிலும் கணக்கிலேயே இருக்கிறது. கொல்கத்தா ஐசர் நிறுவன ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் 364 தெருநாய்க் குட்டிகளைப் பிறந்ததிலிருந்து கவனித்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏழு மாதம் வரை உயிரோடிருந்தவை நூற்றுக்கு 19. பெரும்பாலான சாவுகளுக்கு மனிதர்கள் காரணம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எல்லாம் நோயால் அல்ல. ஆனாலும் தெருவில் நாம் பார்க்கும் திடமான நாய் தப்பிப் பிழைத்த ஒன்று. பிழைக்காத நான்கை நாம் பார்ப்பதே இல்லை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் மண்ணுக்கு ஏற்றவை என்பது உண்மைதான், பக் நாயைவிட வெயிலை நன்றாகவே தாங்கும். ஆனால் பார்வோ வைரஸுக்கு நாட்டு நாய், சீமை நாய் என்ற பேதம் தெரியாது. ராஜபாளையத்தின் வெள்ளை முடிக்கும் இளஞ்சிவப்புத் தோலுக்கும் உச்சி வெயிலில் நிழல் வேண்டும்.

உண்ணிக்கு வருகிறேன். காது மடலின் உட்புறத்தையும் கால்விரல் இடுக்கையும் விரலால் தடவிப் பார்த்தால் எள்ளளவு கரும்பழுப்புப் புள்ளி தட்டுப்படும். ரத்தம் குடித்த பெண் உண்ணி ஆமணக்கு விதை போலச் சாம்பல் நிறத்தில் உப்பியிருக்கும். குடித்து முடித்ததும் அது நாயை விட்டு இறங்கி, சுவர் விரிசலிலும் கதவு நிலையின் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாயின் மேல் நாம் காண்பது மொத்தத்தில் ஒரு சிறு பங்கு. நாயை மட்டும் வாராவாரம் குளிப்பாட்டிவிட்டு வீட்டை விட்டுவிடுகிறவர்கள் ஓயாமல் தோற்பதற்குக் காரணம் இதுவே. மழை வந்து பெருகும் முன், ஆடியிலேயே விரிசல்களைப் பூசி, படுக்கையை வெந்நீரில் அலசி, மருத்துவர் சொல்லும் மாத்திரையையோ கழுத்தில் விடும் மருந்தையோ இடைவிடாமல் தொடர வேண்டும். வியட்நாம் போரில் அமெரிக்க ராணுவத்தின் நாய்கள் நூற்றுக்கணக்கில் இறந்தது இந்த உண்ணி பரப்பும் எர்லிக்கியா நோயால்தான். மூக்கில் ரத்தம் வடிவது, ஈறு வெளுப்பது, விடாத காய்ச்சல் எல்லாம் அதன் அடையாளங்கள். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைந்திருக்கும். நேரத்தோடு பிடித்தால் டாக்சிசைக்ளின் நான்கு வாரம் கொடுத்துக் குணமாக்கலாம்.

வேப்பெண்ணெய் போதாதா என்பார்கள். ஓரளவு விரட்டும், எண்ணெய் தடவாத சுவரில் இருப்பதைத் தொடாது. நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீட்டில் இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று இருக்கிறது. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்து பூனைக்கு விஷம். அதை உடைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. மருந்து காயும்வரை இரண்டையும் ஒரே பாயில் படுக்கவிடக் கூடாது. பாராசிட்டமாலும் அப்படியே. பூனைக்குக் காய்ச்சல் என்று அரை மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுப்பது அதைக் கொல்லக்கூடும்.

செப்டம்பர் 2

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில்தான். எலியின் சிறுநீர் கலந்த தேங்கு நீர் வழியாக லெப்டோஸ்பைரா கிருமி பரவும் காலமும் அதுவே. முதன்முறை போடுகிற நாய்க்கு அதன் ஊசி இரண்டு தவணை, மூன்று நான்கு வார இடைவெளியில். இரண்டாவது ஊசிக்குப் பின் பாதுகாப்பு உருவாகச் சில வாரம். பின்னோக்கி எண்ணினால் இந்த வாரம் வந்து நிற்கிறது. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. அடுக்குமாடி நாய்க்குத் தேவையில்லை என்ற எண்ணத்துக்குக் கீழ்த்தளத்து வண்டி நிறுத்துமிடமே பதில். எலியும் தண்ணீரும் அங்கேதான் சந்திக்கின்றன. குட்டிகளுக்குப் பார்வோ ஊசியை ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை விட்டுவிட்டுப் போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் முதல் ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கலாம் என்பதே காரணம். ஒரே ஊசியோடு நிறுத்துகிறவர்கள்தான் ஊசி போட்டும் செத்துப்போனதே என்று பிற்பாடு அழுகிறார்கள். செலவு உண்டு, மறுக்கவில்லை. அதை மாதாமாதம் எடுத்து வைக்கலாம். அரசு கால்நடை மருத்துவமனைகளில் குறைந்த செலவில் முடிக்கலாம். பார்வோ வந்து நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்றும்போது அந்த வசதிகள் கைகொடுக்கும் என்று சொல்ல முடியாது.

தீபாவளிக்கான பயிற்சியும் இன்றே தொடங்கலாம். பதிவு செய்த வெடிச் சத்தத்தைக் காதுக்கு எட்டியும் எட்டாமலும் வைத்து, பிடித்த தீனியைக் கொடுத்து, நாய் நிம்மதியாகத் தின்னும் அளவைத் தாண்டாமல் வாரம் வாரம் சற்றே கூட்ட வேண்டும்.

அக்டோபர் 14

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று வெடிக்க நேரம் வகுத்திருக்கிறார்கள். எல்லோரும் கடைப்பிடிப்பதில்லை என்றாலும் திட்டமிட அது உதவும். ஐந்து மணிக்குள் நாயை வெளியே கூட்டிப்போய் வந்துவிட வேண்டும், கழுத்துப்பட்டையில் தொலைபேசி எண் வேண்டும், ஒளிந்துகொள்ள விரும்பினால் இழுத்து வெளியே போடக் கூடாது. தடவிக் கொடுத்தால் பயம் வளரும் என்று சிலர் தடுக்கிறார்கள். பயம் நாம் பரிசளித்து வளர்க்கும் வித்தை அல்ல. அருகில் இருந்து ஆறுதல் தருவதால் கெடுதல் இல்லை. மருந்து தேவைப்பட்டால் இந்த வாரமே கேட்டு, ஒருமுறை கொடுத்தும் பார்த்துவிட வேண்டும். அசிப்ரோமசின் என்ற மருந்தை மட்டும் கொடுத்தால் உடல் அசையாமல் கிடக்கும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். பதற்றத்தைக் குறைக்கும் மருந்தா என்று மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

நவம்பர் 18

நான்கு நாளாக மழை. வெளியே போய் வந்த நாயின் காலை விரலிடுக்கு வரை துடைத்து உலர்த்துவது, காதில் ஈரம் தங்காமல் பார்ப்பது, வீட்டிலிருந்து கொண்டுபோன தண்ணீரை மட்டும் குடிக்கவிடுவது: இந்த மாதத்தில் கையோடு செய்ய மிஞ்சியவை இவ்வளவே. நாய் தீனியை வெறுத்து, வாந்தி எடுத்து, கண்ணின் வெள்ளை மஞ்சளித்தால், எந்தத் தெருத் தண்ணீரில் எத்தனை நாள் முன்பு இறங்கியது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். லெப்டோ மனிதர்களுக்கும் தொற்றும். நோயுற்ற நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுத்தான் துடைக்க வேண்டும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால் நாயின் நோயையும் நம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.