பின்னிருக்கை

லாச்சுலுங் லா கணவாயிலிருந்து இறங்கும் சாலையில் முதலில் புழுதிதான் தெரிகிறது. அதற்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வருகிறது. அதில் இரண்டு பேர். மணாலி – லே சாலைக்குச் சைக்கிள்காரர்கள் புதிதல்ல. ஆனால் ஒரே சட்டத்தில் இரண்டு இருக்கையும் இரண்டு ஜோடி பெடலும் கொண்ட டான்டம் சைக்கிள் பாங் என்ற இடத்தில் வந்து நின்றதும், கூடாரக் கடைகளில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர்கள் கிளாஸோடு வெளியே வந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டுத் தம்பதி. ஐம்பதைத் தாண்டியிருக்கும். வெயிலிலும் குளிரிலும் உதடுகள் வெடித்திருக்கின்றன. முன்னிருக்கையிலிருந்து இறங்கியவர் கையுறையைக் கழற்றி விரல்களை நீட்டி மடக்குகிறார். 5,000 மீட்டருக்கு மேலிருந்து பாங்கின் 4,600 மீட்டர்வரை இருவர் எடையையும் பைகளையும் பிரேக்கில் தாங்கி இறக்கிய கைகள்.

அவர் மனைவியோ இறங்கியதும் பின்சக்கரத்தின் அருகே குனிந்துவிட்டார். ஒரு போக்ஸ் கம்பி அறுந்து தொங்குகிறது.

பின்னிருக்கை என்றால் சும்மா உட்கார்ந்து வருவது என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டு கிராங்கையும் ஒரு செயின் பிணைத்திருப்பதால், ஒருவர் மிதிக்கும்போது மற்றவர் கால் நிற்க முடியாது. பின்னவரால் சைக்கிளைத் திருப்ப முடியாது. பிரேக்கும் பெரும்பாலும் முன்னவர் கையில்தான். எதிரே தெரிவது முன்னவரின் முதுகு. குழி வருவதை அவர் சொன்னால்தான் உண்டு. ஒரு பக்கம் அதலபாதாளமான இந்தச் சாலையில் அப்படி வருவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்! இரண்டில் அந்த அம்மாவின் இடம்தான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கடைக்கார லடாக்கி அம்மா சோறும் பருப்பும் எடுத்து வைக்கிறார். தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும் உயரம். பருப்பு வேகக் குக்கர் இல்லாமல் முடியாது. தட்டு ஆறிக்கொண்டிருக்கிறது. இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கம்பி அறுந்தது பல்சக்கரங்கள் உள்ள பக்கம். அவற்றைக் கழற்றினால்தான் புதுக்கம்பி கோக்கலாம். கணவர் சக்கரத்தை முழங்கால்களுக்கு இடையே இறுக்கிக்கொள்ள, மனைவி கழற்றுகிறார். சட்டத்தோடு டேப் சுற்றி வைத்திருந்த உபரிக் கம்பிகளில் ஒன்றை உருவிக் கோக்கிறார். பிறகு சக்கரத்தைச் சட்டத்தில் மாட்டிக் கோட்டம் எடுக்கும் வேலை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சட்டத்தில் ஊன்றிய கட்டைவிரலை ரிம்முக்கு மிக அருகில் வைத்துப் பார்க்கிறார். உரசும் இடத்தில் நிறுத்தி நிப்பிளைக் கால் சுற்று திருகுகிறார். மறுபடி சுழற்றுகிறார். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர்போல் கம்பிகளை ஒவ்வொன்றாக மீட்டி, காதைச் சாய்த்துக் கேட்கிறார். லாரிக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இங்கே மூச்சு விடுவதே ஒரு வேலை; அந்தக் கைகளில் மட்டும் அவசரமே இல்லை.

முடிந்ததும் ஆறிய சோற்றை இருவரும் வேகமாகச் சாப்பிடுகிறார்கள். முன்னால் ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு மூரே சமவெளி: மரம் இல்லாத குளிர்ப் பாலை, பிற்பகலில் காற்று எழும்பும். அதைத் தாண்டினால் 5,328 மீட்டரில் தங்லங் லா. ஒரு ஓட்டுநர் வடக்கே கைகாட்டி, உள்ளங்கையைச் செங்குத்தாக உயர்த்திக் காட்டுகிறார். மனைவி சிரித்துத் தலையாட்டுகிறார்.

சைக்கிளைக் கணவர் பிடித்துக்கொள்ள, மனைவி முதலில் ஏறி உட்கார்கிறார். பாங்கை விட்டதுமே ஏற்றம். நான்கு கால்களும் ஒரே கணக்கில் சுற்றுகின்றன. முதல் வளைவில் தார் பெயர்ந்து கிடக்கிறது. முன்னிருப்பவர் குரல் கொடுக்க, இருவரும் ஒருசேர இருக்கையை விட்டு எழுந்து அமர்கிறார்கள். பின்சக்கரம் கொஞ்சமும் கோணாமல் ஓடுகிறது.