சில்லில்லாச் சீட்டு

பொருளுக்கும் ஓர் அடையாளம் வேண்டும். அஃது இன்றேல், அப்பொருள் எவ்விடத்தில் தோன்றியது, எவரால் ஆக்கப்பட்டது, எந்நாளில் அனுப்பப்பட்டது என்பனவற்றை அறிதல் அரிது. பொன்னுக்கும் மணிக்கும் அடையாளம் இடுவார் பலர். உப்பைப் போன்ற எளிய பொருளுக்கு அடையாளம் இடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காணும் முயற்சிகளுள் ஒன்றே சில்லில்லாச் சீட்டு என்பது.

விழுப்புரம் மாவட்டத்து வானூர்க் கடற்கரையினின்று வடக்கு நோக்கிச் சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் காணப்படும். உவர்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு, விளைந்த உப்பை வாரிக் குவிக்கின்றனர் தொழிலாளர். கண்ணைக் கூசும் வெண்மையும் காலை அரிக்கும் உவரும் அவர்தம் அன்றாட வாழ்வு. அவர்கள் குவித்த உப்பு மூட்டையாகி, ஆலையில் அயோடின் கலக்கப்பெற்று, பொட்டலமாகி ஊர்தோறும் செல்கிறது. பல இடத்து உப்பும் ஒரே நிறத்தது, ஒரே சுவையது. ஒன்றினின்று மற்றொன்றைக் கண்ணாற் பிரித்தறிய எவரால் இயலும்?

அறியாவிடின் வரும் கேடு யாது எனின், அது சிறிதன்று. உணவில் அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை தோன்றும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். ஆதலின், அயோடின் கலவாத உப்பை மக்கள் நேரே உண்பதற்கென விற்றலை இந்திய அரசு 2006ஆம் ஆண்டு மே மாதம் முதல் தடை செய்தது. கடையில் விற்கும் உப்பில் பத்து லட்சம் பங்குக்கு 15 பங்கு குறையாது அயோடின் இருத்தல் வேண்டும் என்பது விதி. ஈரம் பட்டாலும் நாட்பட்டாலும் அயோடின் குறையும். ஒரு பொட்டலத்திற் குறை காணப்படின், அஃது எந்நாளில் எவ்வாலையில் ஆனது என்று உடனே தெரிந்தால், அத்தொகுதியை மட்டும் விலக்கலாம். தெரியாவிடின், குற்றமற்ற உப்பும் பழி சுமக்கும். அதை விளைத்தவர் பிழைப்பும் கெடும்.

வணிகப் பொருளுக்கு அடையாளமிடும் வழக்கம் இக்கடற்கரைக்குப் புதியதன்று. புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். இத்தாலிய நாட்டுக் குயவர்தம் முத்திரை பதிந்த மட்கலத் துண்டுகள் அங்குக் கிடைத்தன. தமிழ்ப் பிராமி எழுத்துகள் கீறிய ஓடுகளும் கிடைத்தன. ஈரக் களிமண்ணில் முத்திரையை அழுத்துவதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். அதனாலேயே எளிய கலத்துக்கும் அடையாளம் வாய்த்தது.

இக்காலத்தில் பொட்டலங்கள்மேற் காணப்படும் கறுப்புக் கோடுகளும் அத்தகையனவே. 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள், அமெரிக்க நாட்டின் ஓகையோ மாநிலத்து டிராய் நகரக் கடையொன்றில், சூயிங்கம் பொட்டலத்தின் கோடுகளைக் கருவி முதன்முதலாகப் படித்து விலை கூறிற்று. ஆயின், அக்கோடுகள் கருவியின் கண்ணுக்கு நேரே தெரிதல் வேண்டும். அழுக்குப் படிந்தாலும், மூட்டை மறைத்தாலும் படித்தல் இயலாது. இக்குறையை நீக்க வந்தது ஆர்.எஃப்.ஐ.டி. எனப்படும் வானொலி அலை அடையாளச் சீட்டு. வானொலி அலை காகிதத்தையும் துணியையும் ஊடுருவிச் செல்லும். 2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் கட்டாயமாக்கப்பட்ட ‘ஃபாஸ்டாக்’ இவ்வகையினதே. அதனுள் அலைவாங்கியும், எண்ணைத் தாங்கிய மின்னணுச் சில்லும் உள்ளன.

அச்சில்லே செலவுக்குக் காரணம். மொத்தமாக வாங்கினும் இத்தகைய சீட்டொன்றுக்குச் சில ரூபாய் ஆகும். மகிழுந்துக்கு அது பொருட்டன்று. உப்பளத்தில் ஒரு கிலோ உப்புக்குக் கிடைப்பதும் சில ரூபாயே. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்னும் பழமொழி இதற்கு நன்கு பொருந்தும். ஆகவே, சில்லையே நீக்கிவிட்டால் என்ன என்று அறிஞர் எண்ணலாயினர்.

சில்லின்றிச் சீட்டு விடை கூறுவது எவ்வாறு? ஒரே சுருதியிற் கூட்டிய இரு வீணைகளை அருகருகே வைத்து, ஒன்றன் தந்தியை மீட்டினால் மற்றதன் தந்தியும் தானே அதிரும். அத்தந்தியின்மேல் மடித்து வைத்த காகிதத் துணுக்குத் துள்ளி விழும். சுருதி மாறிய தந்தியோ வாளா இருக்கும். இதனை ஒத்ததிர்வு என்பர். காகிதத்தின்மேல் மின்கடத்தும் மையால் அச்சிட்ட சிறு வளையமும் இவ்வாறே தனக்குரிய அதிர்வெண்ணுடைய வானொலி அலைக்கு மட்டும் இசையும். பெரிய வளையம் தாழ்ந்த அதிர்வெண்ணுக்கும், சிறியது உயர்ந்த அதிர்வெண்ணுக்கும் இசையும். படிக்கும் கருவி பல அதிர்வெண்களில் அலைகளை அனுப்பும். எவ்வெவ் அதிர்வெண்ணில் மாற்றம் நேர்ந்தது என்பதைத் திரும்பிவரும் அலை காட்டும். மாற்றம் உண்டெனின் ஒன்று, இல்லையெனின் சுழி. பத்து வளையங்களால் 1,024 அடையாளங்களைக் குறிக்கலாம். ஆஸ்திரேலிய நாட்டு மோனாஷ் பல்கலைக்கழகத்தார் 2009ஆம் ஆண்டில் 35 வளையங்கள் கொண்ட சீட்டைப் பற்றி எழுதினர். அவற்றால் 3,400 கோடிக்கு மேற்பட்ட அடையாளங்கள் பெறலாம். 2012ஆம் ஆண்டில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாரும், வளையங்களுக்கு மாறாகச் சிறு கிளைக்கோடுகளைக் கொண்ட சில்லில்லாச் சீட்டொன்றை அமைத்துக் காட்டினர்.

இக்கருத்துக்கு முன்னோடியான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1945ஆம் ஆண்டில் சோவியத் சிறுவர்கள், மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதருக்கு மரத்தாற் செதுக்கிய அழகிய சின்னம் ஒன்றைப் பரிசளித்தனர். அதனுள் லெயான் தெரமின் என்னும் அறிஞர் அமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி மறைந்திருந்தது. அதில் மின்கலம் இல்லை. வெளியிலிருந்து அனுப்பிய அலைக்கு இசைந்தே அஃது அறையின் பேச்சை வெளிப்படுத்திற்று. 1952ஆம் ஆண்டு வரை எவரும் அதனைக் கண்டறிந்திலர். அன்று வஞ்சனைக்குப் பயன்பட்ட நுட்பமே இன்று நேர்மையான வணிகத்துக்குத் துணையாக முன்வருகிறது.

எனினும், இடர்கள் பல உள. வளையங்கள் மிகுந்தால் சீட்டுப் பெரிதாகும். நெருக்கி வைத்தால் ஒன்றன் இசைவு மற்றொன்றைக் கெடுக்கும். விடையலை மிக மெலிந்ததாதலின், கருவி அண்மையில் இருத்தல் வேண்டும். பல சீட்டுகள் ஒருங்கிருப்பின் விடைகள் கலந்துவிடும். உப்பளத்திலோ இடர் இன்னும் மிகும். உலர்ந்த உப்பு அலையைப் பெரிதும் தடுக்காது. ஈரம் ஏறிய உப்போ அதனை விழுங்கும். சீட்டின் காகிதம் நனைந்தால் வளையத்தின் அதிர்வெண் தாழும், எண் பிழைபடும். உவர்க்காற்று உலோகத்தையும் அரிக்கும். ஆகவே, காகிதத்துக்கு நீர் புகாத பூச்சும், அரிப்பைத் தாங்கும் மையும் தேவை. இவற்றின் செலவு ஏறினால் சில்லை நீக்கியதன் பயனே இல்லாமற்போம். இவ்விடர்களாற்றான் இச்சீட்டு இன்னும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தளவிலேயே நிற்கிறது.

இச்சீட்டின் அமைப்பில் நல்லதோர் அறம் பொதிந்துள்ளது. அறிவு முழுவதையும் படிக்கும் கருவியில் வைத்து, சீட்டை வெறுங் கோலமாக விட்டனர் அறிஞர். ஆயிரமாயிரம் பொட்டலங்களுக்கு ஒரு கருவி போதும். அதன் விலையைப் பெரிய ஆலையும் அங்காடியும் தாங்க வல்லன. தாங்கும் வலிமை உடையாரிடத்துச் சுமையை வைத்து, இல்லாரை அதனின்று விடுவித்தலே சிறந்த முறை. அம்முறை வழுவாது இச்சீட்டு உப்பு மூட்டையை வந்தடையுமாயின், வெயிலில் நின்று உப்பு விளைப்பவர்தம் உழைப்பும் தனக்குரிய அடையாளத்தைப் பெறும்.