எந்தக் கப்பலில் ஏறுவது?

"கப்பலில் ஒரு சுற்றுப் போய் வரலாம்" என்று சொல்வது சுலபம். "எந்தக் கப்பலில்?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். அப்படிப் பிரிந்துபோன ஒரு வீட்டுக்கு உங்களை அழைத்துப் போகிறேன், வாருங்கள். வீடு இருப்பது துறைமுகப் பட்டினத்தில் அல்ல. கடற்காற்றுக்கூட எட்டிப் பார்க்காத தெள்ளாரில்!

ஆரணிப் பட்டுச் சீமையில், வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது தெள்ளார். என் நாத்தனாரை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்தால் "வாங்க" என்று மனிதர்கள் சொல்வதற்கு முன்பே தறி 'சடக், சடக்' என்று சொல்லிவிடும். அன்றைக்கு நான் போனபோது தறி ஓய்ந்திருந்தது. கூடத்தில் பாயை விரித்து, நடுவில் இரண்டு கப்பல்களின் படங்களை வைத்துக்கொண்டு, குடும்பமே வட்டமாக உட்கார்ந்திருந்தது.

விஷயம் இதுதான். நாத்தனார் வீட்டுக்காரருக்கு அறுபது நிறைகிறது. திருக்கடையூரில் சாந்தி கலியாணம் முடிந்ததும் எல்லோரையும் கப்பலில் அழைத்துப் போக வேண்டும் என்று சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு ஆசை. அவன், அவன் மனைவி, இரண்டு குழந்தைகள், அப்பா, அம்மா, எண்பத்திரண்டு வயதுப் பாட்டி, ஆக ஏழு பேர்.

"அண்ணி, நல்ல வேளை வந்தீங்க! நீங்களே ஒரு தீர்ப்புச் சொல்லுங்க" என்றாள் நாத்தனார். தீர்ப்புச் சொல்லும் முன் வழக்கைக் கேட்க வேண்டும் அல்லவா? கேட்டேன். நீங்களும் கேளுங்கள்.

சின்னக் கப்பல்

முதல் கப்பல் கார்டீலியா நிறுவனத்தின் 'எம்பரஸ்'. மும்பைப் பக்கம் கடல் கொந்தளிக்கும் மழைக்காலத்தில் சென்னைக்கு வந்து போகும் கப்பல் இது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து அதன் பயணத்தை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். விசாகப்பட்டினத்துக்குப் போயிருக்கிறது. 2023இல் இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும், 2025இல் புதுச்சேரிக்கும் போயிருக்கிறது.

'சின்னது' என்றால் ஏதோ படகு என்று நினைத்துவிடாதீர்கள். நீளம் எழுநூறு அடிக்குச் சற்றுக் குறைவு, பதினொரு தளம், ஏறக்குறைய எண்ணூறு அறைகள். 1990இல் பிரான்சு நாட்டுச் சேன் நசேர் துறையில், மூன்று நான்கு நாள் பயணத்துக்கென்றே கட்டினார்கள். பிறந்தபோது பெயர் 'நார்டிக் எம்பரஸ்'. பல கை மாறி, பல பெயர் மாறி, நம் நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருக்கிறது. நீச்சல் குளம், மேடை நிகழ்ச்சி, ஏறி விளையாடச் சுவர், சமணர் உணவு உட்பட சைவச் சமையல் எல்லாம் உண்டு.

"தெள்ளாரில் காலையில் பஸ் ஏறினால் மத்தியானம் கப்பலில் இருக்கலாம். உள்நாட்டுப் பயணத்துக்குப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விமானமும் வேண்டாம்" என்றார் அண்ணா.

பெரிய கப்பல்

இரண்டாவது கப்பல் 'கெந்திங் டிரீம்'. ஜெர்மனியில் பாப்பன்பர்க் என்ற ஊரில் கட்டி 2016இல் கடலுக்கு வந்தது. முதலில் அதை நடத்திய நிறுவனம் 2022இல் நொடித்துப் போயிற்று. அந்த ஆண்டு ஜூனில் 'ரிசார்ட்ஸ் வேர்ல்ட்' என்ற புதுப் பெயரின் கீழ்ச் சிங்கப்பூரிலிருந்து ஓடத் தொடங்கியது. நீளம் ஆயிரத்து நூறு அடி, பதினெட்டுத் தளம், ஆயிரத்து அறுநூறுக்கும் மேல் அறைகள். பக்கவாட்டில் ஒரு கடற்கன்னியும் விண்வெளி வீரரும் காதலிக்கும் சித்திரம் முழு நீளத்துக்கும் தீட்டியிருக்கிறார்கள். தண்ணீரில் சறுக்கி விளையாட ஆறு சறுக்கு மரங்கள்! படத்தைப் பார்த்ததுமே இரண்டு வாண்டுகளும் கட்சி சேர்ந்துவிட்டன.

"எடை மூன்று பங்கு அதிகம், அத்தை" என்றான் மருமகன்.

அது எடை அல்ல என்று அவனுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் இதில்தான் ஏமாறுகிறார்கள். எம்பரஸ் 48,563 டன், டிரீம் 1,50,695 டன் என்று போட்டிருப்பது கப்பலுக்குள் உள்ள இடத்தின் கணக்கு. வீட்டை இத்தனை சதுர அடி என்று சொல்வதில்லையா, அதுபோல. ஆகவே மொத்தத்தைப் பார்த்துப் பயனில்லை. தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். அறைக்கு இருவர் என்று வைத்துக்கொண்டால் எம்பரஸில் ஒருவருக்குச் சுமார் 30 பங்கு இடம், டிரீமில் 45 பங்கு. மூன்று மடங்கு பெரிய கப்பலில் ஒன்றரை மடங்குதான் தாராளம். மீதி இடத்தில் மற்றவர்கள் இருக்கிறார்கள்!

முந்தானையும் உடலும்

இவ்வளவு நேரம் சும்மா இருந்த அண்ணா அப்போது ஒரு வார்த்தை சொன்னார். "சேலை வாங்குறவங்க முந்தானையை விரிச்சுப் பார்ப்பாங்க, தங்கச்சி. நெய்யறவன் உடலைத்தான் தடவிப் பார்ப்பான்."

எவ்வளவு சரியான பேச்சு! சறுக்கு மரமும் மேடை நாட்டியமும் கப்பலின் முந்தானை. உடல் என்பது நீங்கள் படுத்து எழும் அறை. ஆகவே உடலைத் தடவிப் பார்த்தோம்.

இரண்டு கப்பலிலும் மலிவான அறை ஜன்னல் இல்லாத உள் அறை. கதவை மூடினால் பகலா இரவா தெரியாது. அடுத்தது ஜன்னல் அறை. அதற்கும் மேலே முகப்பு வைத்த அறை. எம்பரஸில் முகப்பு அறைகள் கொஞ்சம்தான். டிரீமில் பெரும்பாலானவை முகப்பு அறைகள். ஒரே அறையில் நாலு பேர் என்று மலிவாகக் கிடைத்தால் உடனே சந்தோஷப்படாதீர்கள். மூன்றாவது, நாலாவது படுக்கை பல அறைகளில் சுவரிலோ கூரையிலோ இருந்து இறங்கும் மேல் படுக்கை. ஏணி ஏறப் போவது யார் என்று முதலில் தீர்மானியுங்கள். குடும்பம் பெரிதானால், நடுவில் கதவு திறக்கும் இணை அறைகள் உண்டா என்று கேளுங்கள்.

தலைசுற்றலுக்குப் பயப்படுகிறவர்கள் தாழ்ந்த தளத்தில், கப்பலின் நடுவில் அறை கேட்க வேண்டும். ஊஞ்சல் பலகையின் நுனி ஆடுகிற ஆட்டம் நடுவில் இராதல்லவா? பெரிய கப்பல் பொதுவாகக் குறைவாக ஆடும். ஆனால் கடல் என்று வந்துவிட்டால் எந்தக் கப்பலும் கொஞ்சமாவது ஆடத்தான் ஆடும்.

இனி, செலவு. டிக்கட்டில் எழுதியிருக்கும் தொகையோடு துறைமுகக் கட்டணம், வரி, ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் எல்லாம் சேரும். கரையில் இறங்கிச் சுற்றிப் பார்ப்பதும், டாக்டரைப் பார்ப்பதும், பானங்களும் தனிக் கணக்கு. சிங்கப்பூர்க் கப்பலுக்கு விமான டிக்கட், விசா வேறு. அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கப்பல் வேறு நாட்டைத் தொட்டு மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைவதால், ஒரு தடவைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். வயிற்றில் குழந்தையோடு இருப்பவர்களும், கைக்குழந்தைக்காரர்களும் அந்தந்தக் கப்பலின் வாரக் கணக்கையும் மாதக் கணக்கையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். கப்பலின் அட்டவணையும் பருவத்துக்குப் பருவம் மாறும்.

கூட்டிப் பார்த்தோம். பெரிய கப்பலின் கணக்கு சின்னதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. நாத்தனார் பெருமூச்சு விட்டாள். ஒரு பட்டுச் சேலை தறியிலிருந்து இறங்க எத்தனை நாள் கால் மிதிக்க வேண்டும் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"பாட்டிக்காகவாவது சின்னக் கப்பலே போகலாம். அவங்களுக்குப் பாஸ்போர்ட் கிடையாது, விமானத்திலும் ஏற மாட்டாங்க" என்று அண்ணா முடிவு கட்டினார். குழந்தைகளுடைய முகம் வாடியது. மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

பாட்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை!

பாட்டியின் கேள்வி

பாட்டி நிலைப்படி ஓரமாக உட்கார்ந்து தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். "நீங்க என்ன சொல்றீங்க, பெரியம்மா?" என்று கேட்டு வைத்தேன். மரியாதைக்குத்தான் கேட்டேன், வேறு எண்ணம் இல்லை.

பாட்டி கையை நிறுத்தினாள். "இதுலே எது பினாங்குக்குப் போவுது, கண்ணு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

பாட்டியின் பெரிய அண்ணன் 1950இல், தறிக்கு நூல் கிடைக்காமல் திண்டாடிய காலத்தில், பினாங்குக்குப் போனவர். அப்போது பாட்டிக்கு ஏழு வயது. மாட்டு வண்டியில் அவரை அனுப்பி வைத்தது ஞாபகம் இருக்கிறதாம். போன கப்பல் 'ரஜூலா'. 1926 முதல் 1973 வரை நம் ஜனங்களைச் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து மலாயாவுக்கு ஏற்றிப் போன கப்பல் அது. முகப்பு அறையும் சறுக்கு மரமும் அதில் போனவர்கள் கண்டார்களா? மேல் தளத்தில் பாயை விரித்து, ஆயிரக்கணக்கானவர்கள் நெருக்கிப் படுத்துப் போனார்கள். அண்ணன் அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தார், பணம் அனுப்பினார், பாட்டியின் கலியாணத்துக்குச் சங்கிலி அனுப்பினார். ஆனால் திரும்பி வரவில்லை. கடைசியில் காகிதம்தான் வந்தது.

"அவரு கால் வெச்ச எடத்தை ஒரு தரம் பார்த்துட்டா போதும்" என்றாள் பாட்டி. மறுபடி நூல் சுற்ற ஆரம்பித்தாள்.

நாங்கள் பார்த்த அட்டவணையில், பினாங்கையும் புக்கெட்டையும் தொட்டு வருவது பெரிய கப்பல்தான். பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. 1833இல் எழுந்த குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கு அங்கிருந்து நெடுந்தூரம் இல்லை. பாட்டியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டே போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெள்ளாருக்கும் அந்தக் கடலுக்கும் பழைய உறவு உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் இதே ஊரில் பாண்டியனை வென்று 'தெள்ளாறெறிந்த நந்திவர்மன்' என்று பெயர் வாங்கினான் பல்லவ மன்னன். அவனுக்கு 'அவனிநாரணன்' என்றும் ஒரு பட்டம். புக்கெட்டுக்கு வடக்கே, தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தக்குவாபாவில் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அது 'அவனிநாரணம்' என்ற குளத்தையும், மணிக்கிராமத்து வணிகர் அதற்குக் காவல் என்பதையும் சொல்கிறது. தெள்ளாரில் வென்ற ராஜாவின் பெயர் கடல் தாண்டிப் போயிருக்கும்போது, தெள்ளார்ப் பாட்டி போகக் கூடாதா?

"பாஸ்போர்ட் எடுக்க எத்தனை நாள் ஆகும்?" என்று அண்ணா மகனைப் பார்த்துக் கேட்டார். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

அன்றைக்கே டிக்கட் வாங்கிவிடவில்லை. பயணத்தைப் பொங்கலுக்கு அப்பால் தள்ளிப் போட்டார்கள். அதற்குள் கொஞ்சம் பணம் சேரும். மூன்று அறை என்பதை இரண்டாக்கினார்கள். ஒன்று மட்டும் ஜன்னல் வைத்தது. மேல் படுக்கைகள் இளவட்டங்களுக்கும் குழந்தைகளுக்கும். முகப்பு அறை வேண்டாம் என்று மருமகளே சொல்லிவிட்டாள்.

அடுத்த வாரம் நாத்தனார் டெலிபோனில் கூப்பிட்டாள். பாட்டி பாஸ்போர்ட்டுக்கு மனுக் கொடுக்கப் போனாளாம். ஊரில் பல கிழவர் கிழவிகளைப் போல அவளுக்கும் ஆதார் அட்டையில் பிறந்த தேதி ஜனவரி 1 என்றுதான் இருக்கிறது. அலுவலகத்தில் இருந்த பெண், "வெளிநாடு எதுக்குப் போறீங்க, பாட்டி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாளாம்.

"எங்க அண்ணன் வூட்டுக்கு" என்றாளாம் பாட்டி.

நீங்களும் இரண்டு கப்பல்களின் படத்தை வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். தளத்தை எண்ணுங்கள்; அறையைப் பாருங்கள்; காசைக் கூட்டுங்கள். எல்லாம் அவசியந்தான். ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன், நிலைப்படி ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் யார் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அவரையும் கேட்டுவிட்டு டிக்கட் வாங்குங்கள்.