சக்கல்தாயா மலையில் ஓயாத நரம்பு

பொலிவியாவின் லா பாஸ் நகரை விட்டு வண்டி மேலேற ஏற, மரம் நின்றது, புல் நின்றது, கடைசியில் பேச்சும் நின்றது. சக்கல்தாயாவின் உச்சி 5,421 மீட்டர். உலகிலேயே உயரமான பனிச்சறுக்குத் தலம் என்று ஒரு காலத்தில் பெயரெடுத்த மலை. 2009இல் பனியாறு முழுதாக உருகிப்போக, சறுக்க வந்தவர்களின் விடுதி வெறும் கற்களைப் பார்த்தபடி நிற்கிறது. சற்றுக் கீழே, காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம். இந்த மலையில் வைத்த ஒளிப்படத் தகடுகளில் பிரேசில்காரர் சேசர் லாட்டஸ் 1947இல் பையான் என்னும், அணுவைவிடச் சிறிய துகளின் தடங்களைக் கண்டார்.

எனக்கு அன்று துகளைவிட என் நாடிதான் பெரிய விஷயமாக இருந்தது. சும்மா நிற்கும்போதே நூறைத் தாண்டி ஓடியது. ஓட்டுநர் கையைத் தாழ்த்தி, "மெதுவாக, மெதுவாக" என்றார். பிளாஸ்கிலிருந்து கோகா இலைத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதைக் கழுத்துத் தமனியருகே உள்ள உணர்விகள் மூளைத்தண்டுக்குச் சொல்ல, உடலை அவசரத்துக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்படுகின்றன. அவை இதயத்தில் நார்அட்ரினலினைச் சுரக்கின்றன, துடிப்பு விரைகிறது.

இதே மலையில் 5,260 மீட்டரில் டென்மார்க் ஆய்வாளர்கள் ஆரோக்கியமான தன்னார்வலர்களை நான்கு வாரம் தங்கவைத்தார்கள். முழங்காலருகே நரம்பில் மெல்லிய ஊசி செருகி, பரிவு நரம்பின் துடிப்பலைகளை எண்ணினார்கள். ஊரில் நிமிடத்துக்குச் சுமார் 16, மலையில் 48. ஏறக்குறைய இதயச் செயலிழப்பு நோயாளியிடம் காணும் அளவு! இத்தனைக்கும் உடல் மலைக்குப் பழகிவிட்டிருந்தது. ஆக்சிஜன் கொடுத்துப் பார்த்தார்கள், பெரிதாக அடங்கவில்லை. கடல்மட்டத்துக்குத் திரும்பிய மூன்றாம் நாளும் வேகம் முழுதாகத் தணியவில்லை. 2003இல் வெளியான இந்த முடிவுதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது.

அந்த ஊசி கேட்டது கால் தசைக்குப் போகும் நரம்பை. இதய நரம்பில் அப்படி ஊசி செருக முடியாது. அதனால் மெல்போர்னில் மர்ரே எஸ்லர் குழுவினர் இதயத்திலிருந்து வடியும் ரத்தத்தில் நார்அட்ரினலினை அளந்தார்கள். செயலிழக்கும் இதயத்தில் அது பல மடங்கு கசிந்தது. மலையேறிக்கு உதவுகிற முடுக்கம், நலிந்த இதயத்துக்கு வருடக்கணக்கில் விழும் தார்க்குச்சிக் குத்து. இதயத் தசைச் செல்கள் மடிகின்றன, தாளம் தவறுகிறது.

அந்தக் குத்தையும் நிறுத்திவிட்டால் இதயம் படுத்தேவிடும் என்றுதான் மருத்துவர்கள் நெடுநாள் அஞ்சினார்கள். அஞ்சியதில் நியாயமும் உண்டு. ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஃபின் வாக்ஸ்டைன் குழுவினர் 1975இல் துணிந்து அத்தகைய நோயாளிகளுக்கு, இதயத்தில் நார்அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தைக் கொடுத்தார்கள். நம்பியவர்கள் சிலரே. 1999இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், அம்மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.