பாகூர்த் தோப்பில் ஒரு ராத்திரி

கொஞ்சம் நீளமான இழை. லீவுக்கு வேன், காரவன் எடுத்துக்கிட்டு குடும்பத்தோட தெற்கே கிளம்புறவங்க மட்டுமாவது கடைசி வரை படிச்சிடுங்க. இதில் தப்பு செய்தவன் நான்தான். டாக்டராக இருந்துகொண்டு செய்தேன் என்பதால் இன்னும் உறுத்துகிறது.

போன டிசம்பர் கடைசி வாரம். சென்னையிலிருந்து ராமேஸ்வரம் வரை போய் வருவதாகத் திட்டம். நான், மனைவி, ஒன்பது வயசுப் பொண்ணு, நாலு வயசுப் பையன், என் மாமியார். ஊர் ஊராக லாட்ஜ் தேட வேண்டாம், பிள்ளைகளுக்கும் புது அனுபவமாக இருக்கும் என்று டெம்போ டிராவலரை மாற்றிக் கட்டிய ஒரு காரவனை வாடகைக்கு எடுத்தோம். உள்ளே படுக்கை, சின்ன ஃபிரிட்ஜ், ஏசி, கையளவு டாய்லெட். பின்பக்கம் ஒரு பெட்டிக்குள் ஜெனரேட்டர். பையன் வண்டியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றான்.

முதல் நாள் புதுச்சேரி. (பாண்டி என்றதும் நண்பர்கள் கேட்கும் அந்தக் கேள்வியை நீங்களும் கேட்க வேண்டாம். அத்தை கூட இருந்தார்.) நகரத்துக்குள் போகவில்லை. ஊசுட்டேரியில் நாமக்கோழிகளையும் நீர்க்காகங்களையும் பார்த்தோம். வில்லியனூரில் அத்தை திருக்காமீஸ்வரர் கோயிலுக்கும் போனார், மாதா கோயிலில் மெழுகுவத்தியும் ஏற்றினார். அவருக்கு அதில் எந்தக் குழப்பமும் கிடையாது. சாயங்காலம் பாகூர் வந்துவிட்டோம்.

பாகூர் ஏரியைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பாருங்கள். புதுச்சேரிப் பகுதியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. மழைக்காலம் முடிகிற நேரம் என்பதால் ஏரி நிரம்பி, சுற்றிலும் நெல் பச்சையாக நின்றது. தெரிந்தவர் ஒருவரின் தென்னந்தோப்பு அங்கே இருந்தது. ஒரு ராத்திரி வண்டியைப் போட்டுக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தோம்.

அமெரிக்காவில் இருக்கும் என் சித்தப்பா மகன் இப்படித்தான் குடும்பத்தோடு சுற்றுவான். அங்கே இதற்கென்றே முகாம் இடங்கள் உண்டு. வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கரண்ட் கம்பம், தண்ணீர்க் குழாய். பிளக்கைச் செருகினால் ராத்திரி முழுக்க ஏசி ஓடும். ராத்திரி ஜெனரேட்டர் போடக் கூடாது என்று பல இடங்களில் கண்டிஷனே உண்டு. சத்தத்துக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். நம்ம ஊரில் கேரளா 2021-லேயே காரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. ஆனாலும் பெரும்பாலும் நாம் வண்டியை நிறுத்துவது பெட்ரோல் பங்க், ஓட்டல் வாசல், இல்லாவிட்டால் இப்படி ஒரு தோப்பு. கரண்டுக்கு ஜெனரேட்டர்தான்.

தோப்பைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் வந்த உடனேயே சொன்னார்: "எதுக்கு சார் அந்த மிஷினு ராவெல்லாம் கத்திக்கினு? காத்து நல்லா வருது, கதவ தெறந்துபோட்டு தூங்குங்க. இல்லன்னா என் வூட்லேர்ந்து ஒயர் இழுத்து ஃபேன் போட்டுக்கோங்க." கொசு இருக்கும், பிள்ளைகள் தூங்காது என்று நான்தான் மறுத்தேன். பத்து மணிக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி ஏசி போட்டாயிற்று.

பதினோரு மணிக்கு மழை. ஜெனரேட்டர் நனையக் கூடாது என்று டிரைவர் தம்பி ஒரு தார்ப்பாயை எடுத்து, வண்டியின் கூரையிலிருந்து பின்னால் இருந்த மதில் சுவர் வரைக்கும் இழுத்துக் கட்டினார். நான் டார்ச் பிடித்தேன். அந்தத் தார்ப்பாய்க்குள்தான் ஜெனரேட்டரின் புகைக்குழாயும் இருந்தது. ரெண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. அவர் முன் சீட்டில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ஒன்றே முக்கால் இருக்கும். பொண்ணு எழுப்பினாள். "அப்பா, தலை ரொம்ப வலிக்குது." சொல்லி முடிப்பதற்குள் வாந்தி. எனக்கு உடனே ஞாபகம் வந்தது ராத்திரி சாப்பிட்ட மீன் குழம்பு. ஃபுட் பாய்சன் என்று முடிவு கட்டினேன். வாந்திக்கு மாத்திரை, கொஞ்சம் ஓஆர்எஸ். "படுத்துக்கோடா, காலையில சரியாயிடும்." மனைவி, தனக்கும் தலை பாரமாக இருப்பதாகச் சொன்னாள். பயணக் களைப்பு என்றேன். எனக்கும் நெற்றிப்பொட்டில் விண் விண் என்று தெறித்தது. தூக்கம் கெட்டதால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தேன். எல்லாருக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கலாம் என்று யோசிக்கவில்லை.

அதோடு நிற்கவில்லை. கொரோனா காலத்துப் பழக்கம், பையில் பல்ஸ் ஆக்சிமீட்டர் எப்போதும் இருக்கும். பொண்ணு விரலில் மாட்டினேன். 99. நிம்மதியாகத் திரும்பப் படுத்தேன்.

இந்த 99-ஐப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். எரிபொருள் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, வாசனையில்லை, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்ளும். பஸ்ஸில் சீட்டு எல்லாவற்றிலும் துண்டு போட்ட மாதிரி. போதாததற்கு, மிச்சம் ஏறிய ஆக்சிஜனையும் உடம்புக்குள் எளிதில் இறங்க விடாது. நாம் விரலில் மாட்டும் சாதாரண மீட்டர் ரெண்டு வகை ஒளியை வைத்து மட்டும் கணக்குப் போடுகிறது. கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் ஏறியது என்றே எண்ணிவிடும். மூளை ஆக்சிஜனுக்குத் தவித்துக்கொண்டிருக்கும்போதும் மீட்டர் 98, 99 காட்டும். இதை நான் மாணவர்களுக்குப் பாடமே எடுத்திருக்கிறேன்.

எங்களைக் காப்பாற்றியது என் படிப்பு இல்லை. அத்தையின் பிடிவாதம். படுக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே டாய்லெட்டா என்று வந்த நாளே முகம் சுளித்தவர் அவர். ரெண்டு மணிக்கு மேல் எழுந்து, மழையிலும் குடை பிடித்துப் பெரியவர் வீட்டுப் பக்கம் போனார். இறங்கும்போது தடுமாறினார், நான் கை கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தவர் ஏறாமல் வாசலிலேயே நின்றார்.

"மாப்ள, உள்ள இருந்தப்ப தல கிர்ருனு சுத்திச்சு. வெளிய வந்ததும் நல்லாருக்கு. இப்ப கதவு கிட்ட வந்தாலே மறுபடி ஒரு மாதிரி பண்ணுதே?"

அப்போதுதான் மண்டையில் அடித்த மாதிரி இருந்தது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி. ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லை. வெளியே போனால் சரியாகிறது.

கதவை முழுசாகத் திறந்தேன். ஜெனரேட்டரை ஆஃப் பண்ணச் சொல்லிக் கத்தினேன். பொண்ணை மனைவி இறக்கினாள். பையனை எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை. அவன் நல்லா தூங்குறான் என்றுதான் அதுவரை எல்லாரும் நினைத்திருந்தோம். தோளில் போட்டேன், தலை துவண்டு விழுந்தது. அந்தப் படியிலிருந்து பெரியவர் வீட்டுத் திண்ணை வரைக்கும் முப்பது அடி இருக்கும். அதை எப்படிக் கடந்தேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. மழைத்தண்ணி முகத்தில் பட்டு, ரெண்டு மூணு நிமிஷம் கழித்து அவன் சிணுங்க ஆரம்பித்தான். அப்புறம் ஓவென்று அழுதான். இத்தனை வருஷத்தில் எத்தனையோ குழந்தைகள் அழுவதைக் கேட்டிருக்கிறேன்...

108-க்கு அடித்தோம். வந்த ஆம்புலன்ஸ் ஊழியரிடம் என்ன நடந்தது என்று சொன்னதும், மீட்டரைப் பார்க்காமலே ரெண்டு பிள்ளைகளுக்கும் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டினார். அவர் செய்ததுதான் சரி. இந்த விஷத்துக்கு முதல் மருந்து முழு ஆக்சிஜன். சாதாரணக் காற்றில் இருந்தால் ரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகும். ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் ரத்தத்தில் அளவு பார்த்தார்கள் (இதற்குத் தனி டெஸ்ட் உண்டு, அதில்தான் உண்மை தெரியும்). அதிகம் ஏறியிருந்தது பையனுக்குத்தான். சின்னப் பிள்ளைகள் வேகமாக மூச்சு விடும், நம்மைவிடச் சீக்கிரம் ஏறிவிடும். கர்ப்பிணி யாராவது இருந்திருந்தால் வயிற்றுக் குழந்தைக்கு இன்னும் ஆபத்து. அம்மா நன்றாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

காலையில் வெளிச்சம் வந்ததும் டிரைவர் தம்பி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, போட்டோ அனுப்பினார். ஏசி பைப்பும் ஒயரும் உள்ளே போவதற்குத் தரையில் போட்டிருந்த ஓட்டையில் ரப்பர் இல்லை. நாலு விரல் நுழையும். வண்டிக்காரரிடம் பேசினோம், மன்னிப்புக் கேட்டார், அடைத்துத் தருவதாகச் சொன்னார். அவரை மட்டும் சொல்லி என்ன பயன்? தார்ப்பாய் கட்டும்போது டார்ச் பிடித்தது நான்.

2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் சாலையோரம் நின்ற ஒரு காரவனுக்குள் ரெண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. கோழிக்கோடு என்ஐடி குழு அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டுப் பார்த்து உறுதி செய்தது. 2020 ஜனவரியில் நேபாளத்தில் தாமன் என்ற இடத்தில், குளிருக்கு கேஸ் ஹீட்டர் போட்டு அறையைச் சாத்தித் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் போனார்கள், பிள்ளைகளும் சேர்த்து. ரெண்டு செய்தியையும் நான் படித்தவன். வடகரைச் செய்தியை ஃபேமிலி குரூப்பில் ஃபார்வர்ட் பண்ணினதும் நான்தான். படித்தது, அன்றைக்கு ராத்திரி ஒன்றே முக்காலுக்கு உதவவில்லை.

நிறையப் பேர் இன்பாக்ஸில் கேட்டதால் சொல்கிறேன். ஜெனரேட்டர் ஓடும் வண்டிக்குள் தூங்கவே தூங்காதீர்கள், ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும் என்ற கணக்கும் வேண்டாம். காரில் எஞ்சினை ஓடவிட்டு ஏசியில் தூங்குவதும் இதே கதைதான், மதில் ஓரமோ ஷெட்டுக்குள்ளோ நின்றால் இன்னும் மோசம். பார்பிக்யூ கரி அணைந்த மாதிரி இருக்கிறதே என்று டெண்டுக்குள் எடுத்துப் போகாதீர்கள், சாம்பல் பூத்த கரியும் இந்த வாயுவை விட்டுக்கொண்டேதான் இருக்கும். ஒன்றாகத் தங்கியிருக்கும் ரெண்டு மூணு பேருக்கு ஒன்றாகத் தலைவலி, வாந்தி என்றால், முதலில் எல்லாரும் வெளியே வாருங்கள். அப்புறம் மீன் குழம்பைத் திட்டிக்கொள்ளலாம். ஆஸ்பத்திரியில் "மூடின வண்டியில ஜெனரேட்டர் ஓடிச்சு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னால்தான் அந்த டெஸ்ட் எடுப்பார்கள். நன்றாகத் தேறிய பிறகும் சில வாரங்கள் கழித்து ஞாபக மறதி, குணத்தில் மாற்றம், நடையில் தடுமாற்றம் வரலாம். நாங்கள் பிள்ளைகளைத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கிறோம். இதுவரை ஒன்றுமில்லை.

ராமேஸ்வரம் போகவில்லை. ரெண்டு நாள் கழித்து பாகூருக்குத் திரும்பிப் போய் பெரியவரிடம் சொல்லிக்கொண்டு, அத்தை கேட்டதற்காகச் சிதம்பரம் மட்டும் போய் லாட்ஜில் தங்கிவிட்டு ஊர் திரும்பினோம். கிளம்பும்போது பெரியவர் பத்து இளநீரை வண்டியில் ஏற்றினார். ஒயர் இழுத்துக்கச் சொன்னதை மறுபடி ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தவில்லை.

கார்பன் மோனாக்சைடு அலாரம் என்று பேட்டரியில் ஓடும் சின்னக் கருவி ஆன்லைனில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி டிரைவர் தம்பியிடம் கொடுத்து, படுக்கை பக்கம் மாட்டச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், ராத்திரி இது கத்திச்சுன்னா கஸ்டமர் டிஸ்டர்ப் ஆவாங்களே, எங்க சார் ஆஃப் பண்றது?"