ஆகாயத்தாமரையும் நம் பொறியாளரும்

நம் பங்கில் ஒரு பொறியாளர் இருக்கிறார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. தூத்துக்குடிச் சீமையிலிருந்து வந்து கிழக்குத் தாம்பரத்தில் வேரூன்றியவர். ஆகவே, இங்கே பிறரெல்லாம் நம்மை ‘ஃபாதர்’ என்று விளிக்க, அவர் மட்டும் ‘சாமி’ என்பார். மாலைத் திருப்பலி முடிந்ததும் பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வந்துவிடுவார். தேநீர் வரும், அதற்கு முன்பே அவருடைய கருத்துகள் வந்துவிடும்.

அவருக்குக் கருத்தில்லாத பொருள் ஒன்றை நாம் இன்னும் கண்டறியவில்லை. ஆலயத்து ஒலிபெருக்கிகளைப் பாதியாகக் குறைத்தால் மறையுரை இரு மடங்கு விளங்கும் என்பார். (இது ஒலிபெருக்கியைப் பற்றிய கருத்தா, மறையுரையைப் பற்றியதா என்று நாம் கேட்டதில்லை.) செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேச்சு எழுந்தபோது, “தடுமாற்றமே இல்லாமல் எழுதுகிற எழுத்தரை நான் பணிக்காலத்திலேயே நம்பியதில்லை, சாமி” என்றார். 2015 டிசம்பர் முதல் நாளும் அடுத்த நாள் காலையுமாக, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மிதந்தன. அதன்பின் நம் மக்கள் அனைவரும் கைப்பேசியில் மேகப்படம் பார்க்கக் கற்றுக்கொண்டனர். “மழை வருவதைச் சொல்லும் கருவி வளர்ந்துவிட்டது, மழை போகும் வழி மட்டும் சுருங்கிவிட்டது” என்பது இதில் அவருடைய தீர்ப்பு.

செடிகொடிகளைப் பற்றிப் பேசும்போதுதான் அவர் குரல் உயரும். 2017இல் சீமைக்கருவேல மரங்களை அகற்றுமாறு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதை வாசகர் நினைவில் வைத்திருக்கலாம். அம்மரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது என்னும் செய்தி அந்நாளில் கைக்குக் கை பரவியது. அதை நம்பியவர்களில் நாமும் ஒருவர். பொறியாளர் சிரித்தார். ஈரத்தை வெளியே விடுவதுதான் இலையின் வேலை என்றும், கேடு மண்ணுக்குக் கீழே ஆழமாக இறங்கும் வேரில் இருக்கிறது என்றும், தரைக்கு மேலே வெட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டால் அடுத்த பருவத்தில் ஒன்றுக்கு நான்காகத் துளிர்க்கும் என்றும் விளக்கினார். 1870களில் விறகுத் தட்டுப்பாட்டுக்கு மருந்தாகச் சென்னை மாகாண வனத்துறையினரே அதைத் தருவித்தனர். இன்று இராமநாதபுரத்து ஏழைகள் பலருக்குக் கரிமூட்டச் சோறு அதனால்தான் கிடைக்கிறது.

“அந்நியச் செடி என்று சொல்லாதீர்கள், சாமி. மிளகாயும் அதே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். வந்தது குற்றமில்லை, பக்கத்தில் உள்ளதை வாழவிடாததுதான் குற்றம்” என்றார். ‘அந்நியம்’ என்னும் சொல் நம் செவியில் சற்றே உறுத்துவதற்கான காரணத்தை இவ்விதழின் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்று அவருக்கு இன்னொரு கோப்பை தேநீர் வரவழைத்தோம்.

சென்ற கோடையில் நம் பங்கு இளைஞர்களைத் திரட்டி, அருகிலுள்ள ஏரியில் ஆகாயத்தாமரை அகற்றினோம். இறங்குமுன், பகைவன் இரவில் வந்து களை விதைத்த உவமையைச் சற்று உருக்கமாகவே எடுத்துரைத்தோம். இரண்டு சனிக்கிழமைகளில் ஏழு டிராக்டர் சுமை கரையேறியது. மூன்றாம் மாதம் ஏரி மீண்டும் பச்சைப் பாயாக விரிந்து கிடந்தது. நடுவே ஊதா மலர்க் கொத்துகள் வேறு! அந்த மலரின் அழகுக்காகவே அமேசான் நாட்டிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதை வங்காளத்துக்குக் கொணர்ந்தார்கள். 1936இல் இதை ஒழிப்பதற்கென்றே அங்கு ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. 1980களில் இதைத் தின்னும் கூன்வண்டுகளைத் தருவித்துப் பெங்களூரில் விட்டுப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் தாண்டி அது நம் ஏரிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

திண்ணையில் அமர்ந்து யார் யாரையோ குறைகூறிக்கொண்டிருந்தோம். வழக்கத்துக்கு மாறாகப் பொறியாளர் பேசவில்லை. பின்பு, “நல்ல நீரில் அது இப்படிக் கொழுக்காது, சாமி. அதற்குச் சோறு வேண்டும். அந்தச் சோறு நம் கழிவுநீர். இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும் அளவுக்கு நாம் ஊட்டுகிறோம்” என்றவர், சற்று நிறுத்தி, “பங்கு இல்லத்துக் கழிவுநீர் எங்கே போகிறது?” என்று கேட்டார்.

நமக்குத் தெரியவில்லை. பூவிருந்தவல்லிக் குருமடத்தில் அருளின் ஊற்றுகளைப் பற்றித் தேர்வெழுதித் தேறிய நாம், நம் இல்லத்துச் சாக்கடை முடியும் இடத்தை ஒருநாளும் வினவியதில்லை.

மறுநாள் விடியலில் அவர் ஒரு புட்டி சொட்டு நீலத்துடன் வந்தார். அதைக் குளியலறையில் கொட்டி, நான்கு வாளி நீர் ஊற்றச் சொன்னார். இருவரும் மழைநீர்க் கால்வாயோரம் நடந்து ஏரிக்கரையை அடைந்தோம். கால்மணி நேரம் ஆயிற்று. ஆகாயத்தாமரை மிக அடர்ந்து நின்ற மூலையில், புல்லால் மறைந்திருந்த ஒரு குழாய் வாயிலிருந்து நீலநிற நீர் வழிந்தது. கிழக்குத் தாம்பரத்து ஏரிகளின் மிகைநீர் செம்பாக்கத்தில் கூடி, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் எனப் படிப்படியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்கிறது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அச்சதுப்புக்கு நம் இல்லத்துக் காணிக்கையும் இத்தனை காலம் சென்றுகொண்டிருந்தது.

“1994இல் அந்தக் குழாயைப் போட்டவன் நான்தான்” என்றார் பொறியாளர். பங்கின் பழைய கணக்கேட்டைப் புரட்டினோம். மேற்பார்வைக்குக் கூலி வாங்காமல் அவர் செய்த பணி என்று அப்போதைய பங்குத்தந்தை நன்றியுடன் குறித்திருந்தார். அக்காலத்தில் இப்பகுதியில் பாதாளச் சாக்கடை கிடையாது. கழிவுத்தொட்டிக்குப் பணமும் போதவில்லை. “ஏரி பெரிது, தாங்கிக்கொள்ளும் என்று நினைத்தேன். படித்தவன் அப்படி நினைத்திருக்கக்கூடாது” என்று நீரைப் பார்த்தவாறே கூறினார். நமக்கு உடனே ஒரு மறுமொழி கிடைக்கவில்லை. ஒப்புரவுத் தொட்டியில் நாம் பழகிய சொற்கள் அந்தக் கரையில் உதவவில்லை. அவருக்கு அருகில் சும்மா நின்றோம்.

திருவிழாவுக்கு அலங்கார வளைவு கட்டச் சேர்த்த தொகையைக் கழிவுத்தொட்டிக்குத் திருப்புவது குறித்துப் பங்குப் பேரவை இரண்டு அமர்வுகள் விவாதித்தது. மண்ணுக்கடியில் போவதில் நன்கொடையாளர் பெயரை எங்கே பொறிப்பது என்று ஓர் அன்பர் வினவினார். நியாயமான வினாதான், விடை கிடைக்கவில்லை. எனினும், தீர்மானம் நிறைவேறியது.

இப்போது பங்கு இல்லத்தின் பின்புறம் குழி வெட்டப்படுகிறது. பொறியாளர் குடையுடன் குழியோரம் நின்று, செங்கல்லின் தரம் முதல் நாட்டு நடப்பு வரை கொத்தனாருக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். ஏரியில் ஆகாயத்தாமரை இன்னும் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தக் கால்வாயில் வேறு பதினொரு குழாய்கள் திறக்கின்றனவாம், எண்ணியவர் அவரே. நேற்று மாலை அவருடைய பையில் சொட்டு நீலப் புட்டிகள் ஆறேழு இருந்ததைக் கண்டோம்.