டிராக்டர் சீட்டை மாற்றும் முன்

சங்கரன்கோவில் கரிசலில் வாடகை உழவு ஓட்டும் தம்பி ஒருவர், முதுகுவலி தாங்காமல் கம்பெனி சீட்டைக் கழற்றிவிட்டு, மெத்தென்ற பழைய கார் சீட்டை நேராக போல்ட் போட்டு மாட்டியிருந்தார். வலி கூடியதுதான் மிச்சம். வினாடிக்கு 4 முதல் 8 தடவை வரும் மேல்கீழ் அதிர்வுதான் இடுப்பை அதிகம் வாட்டும். அதைத் தாங்குவது மெத்தை அல்ல. சீட்டுக்கு அடியிலுள்ள ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். காரில் சக்கரத்தோடு சஸ்பென்ஷன் இருக்கிறது. நம் டிராக்டரின் பின்சக்கரத்துக்கு அது ஏது?

கழற்றிய சீட்டைப் பார்த்தேன். ஆள் எடைக்குத் தக்கபடி வைக்கும் திருகு 110 கிலோவில் நின்றது. தம்பி 60 கிலோகூட இருக்கமாட்டார்! விற்றவர்கள் சொல்லித் தந்திருக்க வேண்டாமா? முதலில் அந்தத் திருகைச் சரிசெய்யுங்கள். ஷாக் அப்சார்பரில் ஆயில் கசிந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். சீட்டையே மாற்றுவதென்றால், அடியில் ஸ்பிரிங்கோடு வரும் டிராக்டர் சீட்டாக வாங்குங்கள். உட்கார்ந்து, கிளட்சும் பிரேக்கும் முழுதாக மிதிபடுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.